பெருமூளை வாதம் உள்ளவர்களின் தேசியக் கால்பந்து அணி: ஓர் எளிய அறிமுகம்

தமிழில் 'வாதம்' என்று முடியும் மூன்று நோய்ப் பெயர்கள் அன்றாடப் பேச்சில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இளம்பிள்ளை வாதம் என்பது போலியோ. பக்கவாதம் என்பது மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் அடைபட்டோ, மூளைக்குள் இரத்தக் குழாய் வெடித்தோ வருவது. பெருமூளை வாதம் என்பது, குழந்தை கருவில் இருக்கும்போதோ பிறக்கும்போதோ பிறந்த சிறிது காலத்துக்குள்ளோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்படும் பாதிப்பினால் உடலின் அசைவும் நிலைப்பும் குலைவது. மூன்றிலும் காலைச் சாய்த்து நடக்கும் ஒருவரைத்தான் நாம் தெருவில் பார்க்கிறோம் என்பதால், மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துவிடுகிறோம்.

பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கான கால்பந்து அணியைத் தேர்ந்தெடுப்பவர் அப்படி நினைத்துவிட முடியாது. சிறு வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனவர், எவ்வளவு திறமையாகப் பந்தை உதைத்தாலும், இந்த அணியில் சேர இயலாது. முப்பது வயதில் பக்கவாதம் வந்து, ஓரளவு மீண்டு, மறுபடியும் ஓடத் தொடங்கியவர் சேரலாம். சாலை விபத்தில் தலையில் அடிபட்டு, உடலின் ஒரு பக்கம் இறுகிப்போனவரும் சேரலாம். பெயரில் பெருமூளை வாதம் இருக்க, பெருமூளை வாதமே இல்லாத ஒருவருக்கு இடம் எப்படி வந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள நல்ல வழி.

போலியோ கிருமி தாக்குவது பெரும்பாலும் முதுகுத் தண்டில் உள்ள, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை. அவை அழிந்தால் தசைக்குக் கட்டளை போய்ச் சேர்வதே இல்லை. தசை தொய்ந்து, மெலிந்து போகிறது. பெருமூளை வாதத்தில் தசையும் அதற்கு நேரே செல்லும் நரம்பும் பழுதில்லாமல் இருக்கின்றன. கட்டளை புறப்படும் இடத்தில், அதாவது மூளையில்தான் கோளாறு. அதனால் தசை தொய்வதற்கு மாறாக, பெரும்பாலோருக்கு மிகையாக இறுகிவிடுகிறது. வேறு சிலருக்கு அசைவுகள் ஒன்றோடொன்று ஒத்திசையாமல் தடுமாறுகின்றன. இன்னும் சிலருக்கு அவர்கள் நினைக்காத அசைவுகள் தாமாகவே எழுந்து கைகால்களை முறுக்குகின்றன. பக்கவாதமும் தலைக்காயமும் இதே மூன்று விளைவுகளைத் தரக்கூடியவை. ஆட்ட விதிகள் நோயின் பெயரைக் கேட்பதில்லை. இந்த மூன்று விளைவுகளில் ஒன்றாவது, ஆட்டத்தைப் பாதிக்கும் அளவுக்கு, நிலையாக இருக்கிறதா என்றுதான் கேட்கின்றன.

இங்கிலாந்தின் ஜாக் ரட்டர் இதற்கு நல்ல உதாரணம். பர்மிங்காம் சிட்டி கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்துகொண்டிருந்த அவர், இளம் வயதில் ஒரு தாக்குதலில் மண்டையோடு உடைந்து மூளையில் காயமடைந்தார். தொழில்முறைக் கால்பந்து கனவு அதோடு முடிந்தது. ஆனால் 2016 ரியோ பாராலிம்பிக்கில் பிரிட்டன் அணிக்குத் தலைமை தாங்கிக் களமிறங்கியவர் அவர்தான். அமெரிக்க அணியில், இராணுவப் பணியில் இருந்தபோது மூளையில் காயம்பட்டவர்களும் ஆடியிருக்கிறார்கள். பிறவியிலேயே இந்த நிலையோடு வளர்ந்தவரும், இருபது வயதுவரை எந்தக் குறையும் இல்லாமல் ஆடிவிட்டுத் திடீரென்று உடலை மறுபடியும் கற்றுக்கொள்ள நேர்ந்தவரும் ஒரே சீருடையில் நிற்கும் அணி இது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே விலக்கிவிடலாம். பெருமூளை வாதம் உள்ள பலருக்குப் பேச்சு குழறும். நாக்கும் உதடும் தொண்டையும்கூடத் தசைகளால் இயங்குபவைதான் என்பது அதற்குக் காரணம். கேட்பவர்கள் அதை அறிவுக் குறைவாக எடுத்துக்கொண்டு, உடன் வந்தவரிடம் "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்பது நம் ஊர்களில் அன்றாடக் காட்சி. சிலருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருப்பது உண்மை. ஆனால் அது இந்த அணித் தேர்வோடு தொடர்புடையதன்று. அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கு வேறு போட்டிகள் உள்ளன. பார்வையற்றோர் கால்பந்தும் வேறு ஆட்டம்: அதில் அணிக்கு ஐவர், பந்துக்குள் ஓசை எழுப்பும் மணி, கண்களுக்குக் கட்டு. கால் இழந்தோர் ஊன்றுகோலில் ஆடுவதும், மின் சக்கர நாற்காலியில் ஆடுவதும் தனித்தனிப் பிரிவுகள். பெருமூளை வாதம் உள்ளவர்களிலும், ஊன்றுகோலோ நடைச்சட்டமோ இல்லாமல் நடக்கவும் ஓடவும் முடிந்தவர்களுக்கானதே நாம் பேசும் ஆட்டம். நடைச்சட்டத்தோடு நடப்பவர்கள் அந்தச் சட்டத்தோடேயே ஆடும் கால்பந்தும் இருக்கிறது. அதற்கு விதிகள் வேறு.

ஆடுகளமும் விதிகளும்

அணிக்கு ஏழு பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. ஒரு பாதிக்கு 30 நிமிடம் வீதம் மொத்தம் 60 நிமிடம். வழக்கமான கால்பந்துக் களம் பன்னாட்டு ஆட்டங்களில் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டிருக்க, இங்கே அதிகபட்ச நீளம் 75 மீட்டர், அகலம் 55 மீட்டர். கோல் கம்பங்களுக்கு இடையில் 5 மீட்டர், உயரம் 2 மீட்டர். வழக்கமான கோல் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். பந்து மட்டும் அதே ஐந்தாம் எண் பந்து.

பெரிய மாற்றங்கள் இரண்டு. ஆஃப்சைடு கிடையாது. அதனால் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் எதிரணிக் கோலுக்கு அருகிலேயே காத்திருக்கலாம். தற்காப்பு வீரர்கள் நடுக்களம்வரை ஏறிவந்து எதிரணியை நெருக்கும் உத்தி, முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் நிற்கிறார் என்ற அச்சத்தோடேயே நடக்க வேண்டியிருக்கும். இரண்டாவது மாற்றம் த்ரோ-இன். வழக்கமான ஆட்டத்தில் பந்தை இரு கைகளாலும் பிடித்து, தலைக்குப் பின்னாலிருந்து எடுத்து எறிய வேண்டும். ஒரு பக்கம் இறுகிய ஒருவரால் அந்தக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகவே முடியாமல் இருக்கலாம் என்பதால், இங்கே ஒரு கையால் பந்தைத் தரையோடு உருட்டிவிடவும் அனுமதி உண்டு. மற்றபடி தவறுகள், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, பெனால்டி எல்லாம் நாம் அறிந்தவைதான். மோதலும் அப்படியே, மென்மையாக ஆடுவார்கள் என்று எதிர்பார்த்து உட்காருபவர் முதல் ஐந்து நிமிடங்களிலேயே திருத்திக்கொள்வார்.

ஒரு காலில் இரண்டு ஆட்டங்கள்

விதிகளைவிட உடலைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். வலப்பக்கம் பாதிக்கப்பட்ட ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். உடை மாற்றும் அறையில் அவர் பூட்ஸ் அணிவதிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. வளரும் பருவம் முழுவதும் குறைவாகப் பயன்பட்ட பாதம் மற்றதைவிடச் சற்றுச் சிறியதாகவே பலருக்கு இருக்கும். ஆகவே இரண்டு அளவுகளில் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றை ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. கயிற்றை இடக்கையால் மட்டுமே கட்ட வேண்டும். வலது கை விரல்கள் கயிற்றின் ஒரு முனையை அழுத்திப் பிடிக்க மட்டுமே உதவும், சில நாட்களில் அதற்கும் உதவாது.

களத்தில் அவர் ஓடத் தொடங்கியதும் வலது முழங்கை தானாக மடங்கி மார்போடு ஒட்டிக்கொள்கிறது. அவர் அதை மடக்கவில்லை. கால்கள் வேகமெடுக்கும்போது கையின் தசைகளும் சேர்ந்து இறுகுகின்றன. இந்த இறுக்கத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு: தசையை மெதுவாக நீட்டினால் ஓரளவு இணங்கும், வேகமாக நீட்டினால் உடனே எதிர்த்து இறுகும். ஓட்டம் என்பதே கெண்டைக்கால் தசையை ஒவ்வோர் அடியிலும் வேகமாக நீட்டுவதுதான் என்பதால், எங்கே வேகம் தேவையோ சரியாக அங்கேதான் கால் மறுக்கிறது. குதிகால் தரையில் பதியாமல் முன்பாதத்தின் மேலேயே ஓட வேண்டியிருக்கிறது. குளிரும் களைப்பும் பதற்றமும் இறுக்கத்தை மேலும் கூட்டும். முதல் பாதியில் சரளமாகத் திரும்பியவர் ஐம்பதாவது நிமிடத்தில் ஒரு சிறு திருப்பத்தில் தடுக்கி விழுந்தால், அவர் கவனம் குறைந்துவிட்டது என்று பொருளில்லை. ஒரே தூரத்தைக் கடக்க அவருடைய உடல் மற்றவர் உடலைவிடக் கூடுதல் ஆற்றலைச் செலவிட்டு முடித்திருக்கிறது.

எதிரணிக்கு இது தெரியும். அவர் எந்தப் பக்கம் எளிதாகத் திரும்புவார், எந்தக் காலால் மட்டுமே உதைப்பார் என்பதை இரண்டு நிமிடங்களில் படித்துவிட்டு, அவரை வலப்பக்கமாகவே ஒதுக்கித் தள்ளுவார்கள். இதில் இரக்கம் எதுவும் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் ஆடுபவர்களின் எதிர்பார்ப்பும். அவரும் அதற்கு மாற்று வைத்திருப்பார்: பந்து வருவதற்கு முன்பே உடலைத் திருப்பி நின்று, முதல் தொடுதலிலேயே பந்தை நல்ல காலின் பக்கம் விலக்கிவிடுவார். இயல்பான கால்பந்தில் இரண்டு மூன்று தொடுதல்களில் சரிசெய்துகொள்ளும் பிழையை இங்கே முதல் தொடுதலிலேயே தவிர்க்க வேண்டியிருப்பதால், இந்த ஆட்டக்காரர்களிடம் பந்தை எதிர்பார்த்து நிற்கும் அறிவு வியக்கத்தக்க அளவுக்கு வளர்ந்திருக்கிறது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்தது அதுதான்.

தன்னிச்சையற்ற அசைவு உள்ளவருக்குச் சிக்கல் வேறு. ஓடும்போது அவர் ஏறக்குறைய இயல்பாகத் தோன்றக்கூடும். நின்று, நிதானித்து, ஒரு ஃப்ரீ கிக்கை உதைக்க வேண்டிய தருணத்தில்தான் உடல் அடங்க மறுக்கும். சிலருக்குத் திடீர் ஓசை கேட்டாலே உடல் முழுவதும் துணுக்குற்று விறைக்கும். நடுவரின் விசில்கூட அப்படி ஓர் ஓசைதான். ஆக, ஒரே பெயர் கொண்ட நிலை, ஒருவரை ஓட விடாமலும் இன்னொருவரை நிற்க விடாமலும் செய்கிறது.

வகைப்பாடு என்னும் கணக்கு

இவ்வளவு வேறுபாடுகள் உள்ளவர்களை ஒரே களத்தில் இறக்கினால் என்ன ஆகும்? எந்தப் பயிற்சியாளரும் மிக லேசான பாதிப்பு உள்ள ஏழு பேரையே தேர்ந்தெடுப்பார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்காகவே தொடங்கப்பட்ட ஆட்டத்திலும் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இதைத் தடுப்பதற்காக உருவானதே வகைப்பாடு. இந்த அணியின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேறு எதையும்விட இதைத்தான் அறிய வேண்டும்.

இப்போது வகுப்புகள் மூன்று: எஃப்டி1, எஃப்டி2, எஃப்டி3. முதலாவது, ஆட்டத்தைக் கடுமையாகப் பாதிக்கும் குறைபாடு, இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது லேசானது. இந்த முறை 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு ஐந்து முதல் எட்டு வரை நான்கு வகுப்புகள் இருந்தன. ஒன்று முதல் நான்கு வரையானவை சக்கர நாற்காலியில் இருப்போருக்கு உரியவை என்பதால் கால்பந்து ஐந்திலிருந்து தொடங்கியது. பழைய முறையில் ஏறக்குறைய ஒவ்வோர் உடல்நிலைக்கும் ஓர் எண்: இரு கால்களும் இறுகியவர்கள் ஐந்து, அசைவுக் கட்டுப்பாடும் ஒத்திசைவும் குலைந்தவர்கள் ஆறு, ஒரு பக்கம் பாதிக்கப்பட்டவர்கள் ஏழு, மிக லேசான பாதிப்புள்ளவர்கள் எட்டு. ஆனால் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டவர்களிலேயே, கூர்ந்து கவனித்தால் மட்டும் தெரியும் நிலையில் இருப்பவரும் உண்டு, முழங்காலை மடக்கவே சிரமப்படுபவரும் உண்டு. இருவருக்கும் ஒரே எண் தருவது நியாயமில்லை என்பதால், புதிய முறை ஒவ்வோர் உடல்நிலைக்குள்ளும் கடுமை, நடுத்தரம், லேசு என்று பிரித்துப் பார்க்கிறது. இந்த மாற்றம் சரியானது என்றே தோன்றுகிறது.

விதி சுருக்கமானது. ஆட்டம் நடக்கும் ஒவ்வொரு கணமும் களத்தில் எஃப்டி1 ஆட்டக்காரர் ஒருவராவது இருக்க வேண்டும். எஃப்டி3 ஆட்டக்காரர் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. எஃப்டி1 ஆட்டக்காரரை நிறுத்த முடியாத அணி ஆறு பேரோடுதான் ஆட வேண்டும்.

இந்தச் சிறு விதி பயிற்சியாளரின் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானது. அவருடைய மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் இருவரும் எஃப்டி3 வகுப்பினர் என்றால், ஒருவர் வெளியே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எஃப்டி1 ஆட்டக்காரர் காயமடைந்தால், அவருக்குப் பதிலாக இன்னொரு எஃப்டி1 ஆட்டக்காரர் தயாராக இருக்க வேண்டும்; ஆகவே அந்த வகுப்பில் ஒருவரை மட்டும் அழைத்துக்கொண்டு தொடருக்குச் செல்வது சூதாட்டம். அந்த ஆட்டக்காரரைக் களத்தில் எங்கே நிறுத்துவது என்பதும் பெரிய கேள்வி. ஓட்டம் குறைவாகத் தேவைப்படும் இடம் என்று பார்த்து, பழைய முறையில் ஐந்தாம் வகுப்பினரைக் கோல்கீப்பராக நிறுத்துவது பரவலாக இருந்தது. ஆனால் இரு கால்களும் இறுகியவர் பக்கவாட்டில் பாய்வதும் எளிதில்லை; பின்வரிசையில் நடுவே நின்று, இடம் பார்த்து, பந்தின் வழியை மறிப்பவராக அவரைப் பழக்கும் அணிகள் கூடுதல் பலன் பெறுகின்றன. எங்கே மறைத்து வைக்கலாம் என்று யோசிப்பவருக்கும், எதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசிப்பவருக்கும் இடையிலான வேறுபாடு, ஆட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும்.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் பழக்கமானதாக இருக்கும். அங்கே ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் தந்து, களத்தில் உள்ள ஐவரின் கூட்டுத்தொகை 14க்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். கால்பந்து கூட்டல் கணக்கைத் தவிர்த்து, இரு முனைகளில் மட்டும் வரம்பு கட்டியிருக்கிறது.

ஒருவரை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ, விளையாட்டு நுட்பம் அறிந்த இன்னொருவரும் சேர்ந்த குழு அதைச் செய்கிறது. முதலில் ஆட்டக்காரரை மேசையில் படுக்க வைத்து, கணுக்காலையும் முழங்காலையும் வேகமாக வளைத்து, தசை எந்தப் புள்ளியில் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு களத்தில் ஓட, நிற்க, திரும்ப, ஒற்றைக் காலில் குதிக்க, பந்தோடு வளைந்து செல்லச் சொல்வார்கள். அதோடு முடிவதில்லை, உண்மையான ஆட்டத்தில் அவர் எப்படி அசைகிறார் என்பதையும் கவனித்த பிறகே வகுப்பு உறுதியாகிறது. மேசையில் ஒன்றாகவும் ஆட்டத்தில் வேறாகவும் தெரிபவர்கள் இருப்பதுதான் காரணம். வேண்டுமென்றே பாதிப்பைக் கூட்டிக் காட்டுவது ஊக்கமருந்துக்கு நிகரான ஏமாற்று வேலையாகக் கருதப்பட்டு, தடை விதிக்கப்படும் குற்றமாக இருக்கிறது.

இதில் ஒரு கசப்பும் உண்டு. பாதிப்பு குறைந்தபட்ச அளவை எட்டவில்லை என்று குழு முடிவு செய்தால், அவர் இந்த ஆட்டத்துக்குத் தகுதியற்றவர். இயல்பான கால்பந்தில் சமமாக ஓட முடியாமல் பின்தங்கியவர், இங்கே வந்து "உங்கள் குறைபாடு போதாது" என்ற பதிலைப் பெறுவார். எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது சரிதான். ஆனால் கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே நிற்பவருக்கு அந்த நியாயம் ஆறுதல் தராது.

தேசிய அணிகளின் கதை

1978இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், பெருமூளை வாதம் உள்ளவர்களுக்காக நடந்த பன்னாட்டு விளையாட்டுகளில் இந்த ஆட்டம் உலக அளவில் அடியெடுத்து வைத்தது. 1984இல் நியூயார்க்கில் நடந்த போட்டிகள் வழியாகப் பாராலிம்பிக்கில் நுழைந்தது. 1988, 1992, 1996 ஆகிய மூன்று முறையும் தங்கம் நெதர்லாந்துக்கு. அதன் பிறகு மேடை கிழக்கு ஐரோப்பாவுக்கு நகர்ந்தது: 2000இல் ரஷ்யா, 2004இலும் 2008இலும் உக்ரைன், 2012இல் மீண்டும் ரஷ்யா, 2016இல் மீண்டும் உக்ரைன்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது, 2000 முதல் 2016 வரை நடந்த ஐந்து இறுதியாட்டங்களிலும் உக்ரைன் இருந்தது என்பது. வாய்ப்பினால் வந்ததில்லை அது. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் உக்ரைன், இன்வாஸ்போர்ட் என்ற பெயரில் மாகாணந்தோறும் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு விளையாட்டு மையங்களை அமைத்தது. குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து, பயிற்சியாளரிடம் சேர்க்கும் அமைப்பு அது. கிரிமியாவின் யெவ்பதோரியாவில் இருந்த பெரிய தேசியப் பயிற்சி மையத்தை 2014இல் ரஷ்யா அந்தப் பகுதியைக் கைப்பற்றியதோடு இழந்த பிறகும், இரண்டு ஆண்டுகள் கழித்து ரியோவில் ஈரானைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று தங்கத்தை எடுத்தார்கள். நடப்பு வாகையரான ரஷ்யா அந்தப் போட்டியில் இல்லை. ஊக்கமருந்து விவகாரத்தில் அந்நாட்டு அணி முழுவதும் தடை செய்யப்பட்டிருந்தது.

தேசிய அணி என்ற சொல்லிலும் ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. உலகப் போட்டிகளில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவை தனித்தனி அணிகளாக ஆடுகின்றன. பாராலிம்பிக்கிலோ பிரிட்டன் என்ற ஒரே அணி. எதிரெதிரே ஆடிப் பழகியவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட வேண்டியிருந்தது.

ரியோதான் கடைசி. 2015 ஜனவரியில் பன்னாட்டுப் பாராலிம்பிக் குழு, 2020 டோக்கியோ போட்டிப் பட்டியலிலிருந்து எழுவர் கால்பந்தையும் பாய்மரப் படகோட்டத்தையும் நீக்கியது. சொல்லப்பட்ட காரணம், ஆட்டம் உலகில் போதுமான அளவு பரவவில்லை என்பது. அணி விளையாட்டு ஒன்று பாராலிம்பிக்கில் இடம்பெற, குறைந்தது 24 நாடுகளிலும் மூன்று கண்டப் பகுதிகளிலும் பரவலாக, தொடர்ச்சியாக ஆடப்பட வேண்டும் என்பது குழுவின் விதி. அதே மாதத்தில்தான் பெருமூளை வாதக் கால்பந்துக்கென்று தனிப் பன்னாட்டுக் கூட்டமைப்பு செயல்படத் தொடங்கியது. அதுவரை பல விளையாட்டுகளைச் சேர்த்துக் கவனித்த பொது அமைப்பு ஒன்றின் கீழ் இருந்த ஆட்டம், தனக்கென ஒரு வீடு கட்டிக் குடியேறிய நேரத்தில் கதவு சாத்தப்பட்டது. 2024 பாரிஸிலும் இடம் கிடைக்கவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் பட்டியலிலும் இல்லை.

பாராலிம்பிக்கில் இல்லை என்றால் என்ன, உலகக் கோப்பை இருக்கிறதே என்று கேட்கலாம். பல நாடுகளில் மாற்றுத்திறனாளி விளையாட்டுக்கான அரசு நிதி பதக்க வாய்ப்பைப் பார்த்தே பிரிக்கப்படுகிறது. பதக்கம் தரும் மேடை போனால் நிதியும் போகும். நிதி போனால் புதிய நாடுகளில் ஆட்டம் பரவாது. பரவாவிட்டால் 24 நாடுகள் என்ற எண்ணிக்கையைக் காட்டுவது கடினம். இந்தச் சுழலில் சிக்கிக்கொண்ட அணிகள் பல.

ஆஸ்திரேலியா: ஓர் அணியின் பாடு

ஆஸ்திரேலிய ஆண்கள் தேசிய அணியின் செல்லப்பெயர் சாக்கரூஸ். பெருமூளை வாதம், மூளைக் காயம், பக்கவாதப் பாதிப்பு ஆகியவை உள்ளவர்களின் தேசிய அணிக்குப் பாராரூஸ் என்று பெயர். அதே பச்சையும் பொன்னிறமும்தான். 2000 சிட்னி பாராலிம்பிக்கில் சொந்த மண்ணில் ஆடிய அணி அது. 2014இல் அரசு விளையாட்டு ஆணையம் அந்த அணிக்குத் தந்துவந்த நிதியை நிறுத்தியது. மறு ஆண்டு இங்கிலாந்தின் பர்ட்டனில் உலகப் போட்டி. விமானச் செலவுக்கே வழியில்லாத நிலையில், நாட்டின் கால்பந்துச் சங்கம் பொதுமக்களிடம் கை நீட்டி நன்கொடை திரட்டி அணியை அனுப்பியது. தேசியச் சட்டை அணிந்த ஓர் அணி உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது என்பதைப் படிக்கும்போது, சங்கடமும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன.

சிட்னிக்குப் பிறகு அவர்கள் சொந்த மண்ணில் மறுபடியும் ஒரு பன்னாட்டு ஆட்டம் ஆடியது 2019 நவம்பரில்தான். சிட்னியின் குரோமர் பார்க் மைதானத்தில் கனடாவுக்கு எதிரான ஆட்டம் அது. இடைவெளி ஏறத்தாழ 19 ஆண்டுகள். 2000இல் ஆடிய டேவிட் பார்பர் 2019இலும் அணியில் இருந்தார். ஒரு தேசிய அணியின் ஆட்டக்காரர் தன் வாழ்நாளின் பெரும்பகுதி ஆட்டங்களை வீட்டாரும் நண்பர்களும் பார்க்க முடியாத தூரத்தில் ஆடி முடிப்பது எப்படி இருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

பெண்களின் நிலை இதைவிடப் பிந்தியது. பாராலிம்பிக்கில் இந்த ஆட்டம் இருந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளிலும் அது ஆண்களுக்கான போட்டியாகவே நடந்தது. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 2022இல்தான் ஸ்பெயினின் சலோவில் நடந்தது. அணிக்கு ஐவர் ஆடினார்கள். இறுதியாட்டத்தில் அமெரிக்கா 4-2 என்று வென்றது. எதிரே நின்றது பாராமட்டில்டாஸ் என்று அழைக்கப்படும், புதிதாக உருவான ஆஸ்திரேலியப் பெண்கள் அணி.

ஓர் ஆட்டத்தைப் பார்க்க நேர்ந்தால்

இந்த ஆட்டங்களின் காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. முதல்முறை பார்ப்பவர் பெரும்பாலும் யாருக்கு என்ன குறைபாடு என்று தேடிக்கொண்டிருப்பார்; ஒரு பத்து நிமிடம் அதில் போகும், போகட்டும். பிறகு அணிப் பட்டியலை எடுத்துப் பார்க்கலாம். பெயருக்கு அருகில் வகுப்பு எண் குறிக்கப்பட்டிருந்தால், எஃப்டி1 என்று இருப்பவர் களத்தில் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடியுங்கள். எதிரணி அவர் பக்கமாகத் தாக்குகிறதா, அவருடைய தோழர்கள் அதை முன்கூட்டியே உணர்ந்து அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார்களா என்று கவனியுங்கள். எஃப்டி3 ஆட்டக்காரர் பந்தோடு போகும்போது அவரை மறிக்க எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் இரண்டு பேர் போவார்கள், அப்போது எங்கோ ஒருவர் தனியாக நிற்பார். ஆஃப்சைடு இல்லாத களத்தில் அப்படித் தனியாக நிற்பவர் எதிரணிக் கோலுக்குப் பத்து மீட்டர் தொலைவில்கூட நிற்கலாம்.

மாற்று ஆட்டக்காரர் எழுந்து எல்லைக் கோட்டருகே நிற்கும்போது அந்த எண்ணை மறுபடியும் பாருங்கள். உள்ளே வருபவர் எஃப்டி3 என்றால், களத்தில் இருக்கும் இன்னொரு எஃப்டி3தான் வெளியேற வேண்டும். அவர் அன்றைய ஆட்டத்தில் மிக நன்றாக ஆடிக்கொண்டிருப்பவராக இருந்தாலும், பயிற்சியாளர் அவரை நோக்கித்தான் கையசைப்பார்.